தவசுப்பிள்ளையும் தவசியும்

எங்கள் பக்கத்தில் கல்யாண விருந்துக்குச் சமைப்பவரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். இப்போது தென்காசியில் எல்லோருக்கும் ‘கேட்டரிங்’தான். அந்தப் பழைய பெயரை என் மகள் போன மாதம் எனக்குச் சூட்டினாள்.

கல்லூரி விடுதியில் மயங்கி விழுந்தவளை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். புருவத்துக்கு மேல் மூன்று தையல். சரியாகச் சாப்பிடாததால் வந்த மயக்கம் என்றார் டாக்டர். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் “பசிக்கலப்பா” என்பதோடு சரி. பத்து நாள் லீவு போட்டுவிட்டு அடுப்படியைப் பிடித்துக்கொண்டேன்.

குற்றாலத்தில் அருவி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தையல் நனையும் என்று நான் விடவில்லை. “நெத்தியில படாம குளிச்சா போச்சு” என்றாள். அருவிக்கடியில் அது எப்படி என்பதை மட்டும் அவள் விளக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலுமாகத் தட்டோடு அவள் அறை வாசலில் நின்றேன்.

“யம்மா, தவசுப்பிள்ளை திரும்ப வந்துட்டாரு. வெரட்டி விடுங்க.”

நான் விடுவேனா? “அதுக்கு அர்த்தம் தெரியுமாட்டி? தவசம்னா தானியம். தானியத்தைப் பக்குவம் பண்ணுத பிள்ளை, தவசுப்பிள்ளை” என்றேன். பல வருஷங்களாக நான் மனதார நம்பி வந்த விளக்கம் அது.

அவள் போனில் அகராதியைத் தேடினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“யப்பா, நீங்க அவுட்டு. தவசிப்பிள்ளைன்னுலா போட்டுருக்கு. தவசின்னா தவம் செய்யுதவரு. மடத்துச் சாமியாருக்குச் சமைச்சுப் போடுதவருதான் தவசிப்பிள்ளை. பெறவுதான் கல்யாண வீட்டுக்கு வந்துருப்பாரு.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “அப்போ இந்த வீட்ல தவசி யாரு?”

“வேற யாரு? ஹாஸ்டல்ல பட்டினி கெடந்து தவம் இருந்தவதான்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது என் கண் மகளின் தையலில் போய் நின்றது.

அவள் தையலைத் தடவிக்கொண்டாள். “கூட இருந்தவ வேற ரூமுக்குப் போயிட்டாப்பா. மெஸ்ல தனியா உக்காந்து திங்க ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் போகல.”

இவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி கண்ணைக் காட்டினாள். இன்னொரு தட்டை எடுத்துவந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொதியை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது விடுதிக்குத் திரும்பிவிட்டாள். தினமும் அவளுடைய மெஸ் நேரத்துக்கு நான் ஆபீஸில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, என் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். நேற்று வீடியோ காலில் அவள்தான் முந்திக்கொண்டாள்.

“என்ன தவசுப்பிள்ளை, அங்கன இன்னைக்கு என்ன?”

“லெமன் சாதம். ஒனக்கு?”

“சாம்பார்னு சொல்லுதாங்க” என்று தட்டைச் சாய்த்துக் காட்டினாள். பாதி காலியாகியிருந்தது.