அப்பா பங்குத் தேன்

எங்கள் தெருவில் அப்பா ஒருவர்தான் ஸ்பூனில் சோறு சாப்பிடுவார். இதைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் நான் அலட்டிக்கொண்ட அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. மற்ற பிள்ளைகளின் அப்பாக்களெல்லாம் ரசத்தை முழங்கைவரை ஒழுகவிட்டுச் சாப்பிடும்போது, எங்கள் அப்பா மட்டும் மீன் முள்ளைக்கூட ஸ்பூன் முனையால் ஒதுக்கிவிட்டுக் கலெக்டர் மாதிரி சாப்பிடுவார். அப்பா கலெக்டர் இல்லை. ஆம்பூரில் ஷாப்பு வேலை. எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றால் கடை இல்லை, தோல் பதனிடும் தொழிற்சாலை. அங்கே பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, முடி கழற்றி எடுக்கும் இடத்தில் அப்பா இருந்தார். தெருவில் பாதிப் பேருக்கு ஷாப்பு வேலைதான். அவர்கள் கையால்தான் சாப்பிட்டார்கள். ஆகவே ஸ்பூன் என்பது எங்கள் அப்பாவின் தனி நாகரிகம் என்றே நான் முடிவு செய்திருந்தேன். ஷாப்பிலிருந்து வந்ததும் குழாயடியில் நின்று எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு சுத்தக்காரர்.

இந்தச் சுத்தக்காரருக்கும் என் தாய்மாமனுக்கும் நடுவில்தான் தேன் வந்து விழுந்தது.

அம்மா பிறந்தது ஜவ்வாது மலை அடிவாரத்தில். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வருஷத்துக்கு ஒருமுறை மலைக்காரர்களோடு போய்த் தேன் எடுத்து, எங்கள் முழுப்பரீட்சை லீவில் பஸ் ஏறிக் கொண்டுவருவார். பிளாஸ்டிக் கேனை மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருவார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் செய்கிற முதல் வேலை, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வது. வீட்டுக்குள் வந்த பிறகும் கொஞ்ச நேரம் எடுக்க மாட்டார்.

“இன்னாக்கா ஊரு இது? எப்டிதான் இருக்கிறீங்களோ!”

எல்லாரும் சிரிப்போம். அப்பாவும் கூடச் சிரிப்பார். மாமா எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியதே இல்லை. பிறந்ததிலிருந்து அதே காற்றில் வளர்ந்தவளுக்கு அதில் வாசனை இருக்கிறது என்பதே தெரியாது. மாமாவுக்கு மலைக்காற்று தவிர எதுவும் பிடிக்காது போல என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் வீட்டில் தேனுக்கு ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவர் கையால்தான் ஊற்ற வேண்டும். வாங்குகிறவர் உள்ளங்கையைக் குழித்து நீட்ட வேண்டும். முதல் பங்கு வீட்டு ஆம்பளைக்கு. அவர் நக்கிச் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. இரும்போ, எவர்சில்வரோ தேனில் படவே கூடாது. பட்டால் தேன் செத்துப்போகும் என்பார் மாமா. செத்த தேன் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

ஆனால் அப்பா கையை நீட்ட மாட்டார். ஒரு வருஷம் பல் வலி என்றார். ஒரு வருஷம், “வெயிலு ஜாஸ்தி மச்சான், தேனு சூடு” என்றார். இன்னொரு வருஷம் மாமா வருகிற நாளாகப் பார்த்து ஷாப்பில் ஓவர்டைம் வந்துவிட்டது. மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அந்த ஓவர்டைம் வருஷத்தில், கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

“ஸ்பூன்ல சாப்பிடற மனுஷனுக்கு எங்க வூட்டுத் தேனு ஆவாதுக்கா. அடுத்த தபா உன் வூட்டுக்காரரு கை நீட்டலன்னா, அதோட வுட்டுடறேன். நான் எதுக்கு மானங்கெட்டுப் போய் தூக்கினு வரணும்?”

அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வர வேறு ஆள் இல்லை. மாமா வருவது தேனை வைத்துத்தான். தேன் நின்றால் மாமாவும் நின்றுவிடுவார். அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. இதுதான் எனக்கு ஆச்சரியம். உப்புக் குறைந்ததற்கெல்லாம் சண்டை போடுகிற வீடு அது.

சண்டைக்குப் பதிலாக அம்மாவுக்குப் பாத்திரப் பைத்தியம் பிடித்தது. தேனை எதில் வைப்பது, எதில் கொடுப்பது என்று அந்த வருஷம் முழுக்க ஆராய்ச்சி.

வைப்பது முதலில். எவர்சில்வர் தூக்கு கூடாது. ஊறுகாய் ஜாடியை எத்தனை தேய்த்தும் தேனில் மாங்காய் வாசம் ஏறிவிட்டது. புதிதாக வாங்கியிருந்த ஃபிரிஜ்ஜில் வைத்தாள். ஃபிரிஜ் வந்த பிறகு அம்மா அதில் வைக்காதது துணி மட்டும்தான். தேன் அங்கே உறைந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. நாங்கள் அதைக் குல்ஃபி மாதிரி சுரண்டித் தின்றோம். பக்கத்து வீட்டுப் பாயம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சக்கரப் பாகு கலந்துட்டான் போல உன் தம்பி” என்று சிரித்ததில் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்பாதான் எழுந்து போய், வெந்நீர் பாத்திரத்தில் பாட்டிலை நிற்கவைத்து உருக்கிக் காட்டினார். “நல்ல தேனும் குளுருக்கு இப்டித்தான் கட்டும். மச்சான் அந்த மாதிரி ஆளு கிடையாது” என்று பாயம்மா காதில் விழும்படி சொன்னார். தேனை ஒரு சொட்டும் சாப்பிடாத மனிதர் தேனுக்காகப் பேசியது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கடைசியில் காபித்தூள் வந்த கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக் மூடி, அடியில் தண்ணீர் ஊற்றிய பீங்கான் தட்டு என்று நிலைத்தது. எறும்புகள் கொஞ்ச நாள் தட்டைச் சுற்றி ஊர்வலம் போயின. பிறகு பக்கத்தில் மாட்டியிருந்த பிடிதுணி வழியாகப் பாட்டிலுக்கு நேராக இறங்கின. பிடிதுணி இடம் மாறியதும் அவை போய்விட்டன.

கொடுப்பதுதான் பேஜார். கொட்டாங்கச்சி அகப்பையில் மொண்டால் பாதி தேன் அகப்பையிலேயே தங்கியது. வெற்றிலையில் ஊற்றினால் காரம். எனக்கு இருமலுக்கு வாங்கிய டானிக்கின் அளவு மூடியில் ஊற்றிப் பார்த்தாள். அதில் நக்க நாக்கு நுழையவில்லை. சந்தையில் ஒரு மரக்கரண்டி வாங்கினாள். ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவாள். அந்த வருஷம் போல் ஒரு வருஷம் எனக்கு மறுபடி வரவில்லை. உள்ளங்கை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “வாய மூடிக்கினு நக்கு” என்றாள்.

மறு லீவில் மாமா வந்தார். மூக்கில் துண்டு இருந்தது, ஊரைப் பற்றிய கிண்டல் இல்லை. அப்பாவுக்கு அன்று காலை ஷிப்ட். அவர் வரும்வரை மாமா கேனைத் திறக்கவே இல்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பா வந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் குழாயடியில் நின்றார். எலுமிச்சம்பழத் தோல் தீர்ந்து புளியை எடுத்துத் தேய்த்தார். பிறகு உள்ளே வந்து, அலமாரி இருக்கும் பக்கமாக முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மாமா எழுந்தார். அம்மா கொடுத்த கண்ணாடிப் பாட்டிலில் தேனை நிரப்பினார். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “கைய நீட்டுங்க மாமா” என்றார்.

அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கைகள் பின்னாலேயே இருந்தன.

அம்மா அவசரமாக மரக்கரண்டியை எடுத்து வந்தாள். மாமா அதைப் பார்த்த பார்வையில் அம்மா பாதியிலேயே நின்றுவிட்டாள். “கரண்டியில குடுக்கறதுக்கு இது இன்னா டானிக்காக்கா?” என்றார். அவர் குரல் கோபமாக இல்லை, அழுகிற மாதிரி இருந்தது. பாட்டில் மூடியைத் தேடினார். மூடினால் இனி திறக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்தது வேறு. அப்பா பங்கு யாருக்கும் இல்லாமல் போகப்போகிறது. நல்ல தேன், முதல் பங்கு, வீணாகப்போகிறது. நான் முன்னால் பாய்ந்து உள்ளங்கையைக் குழித்து நீட்டினேன்.

“அப்பா பங்க எனக்கு ஊத்து மாமா!”

என் பேராசையைப் பார்த்து மாமாவுக்கு வெறுத்துப்போயிருக்க வேண்டும். யார் கையானால் என்ன என்பது போல் ஊற்றினார். தாராளமாக ஊற்றினார். விரலிடுக்கு வழியாக வழியத் தொடங்கியதும் நான் வாயைக் கொண்டுபோனேன். அதற்குள் அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

“போ. அப்பாக்குக் குடு.”

அம்மா அப்படி ஒரு குரலில் என்னிடம் பேசியதில்லை. மறுத்துப் பேசத் தோன்றவில்லை. ஒழுகுகிற தேனை ஏந்திக்கொண்டு, அழுகை முட்ட, அப்பாவிடம் போய்க் கையைத் தூக்கிப் பிடித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கைகளைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, இடுப்பை மடக்கிக் குனிந்து, என் உள்ளங்கையில் வாயை வைத்தார். மீசை கூசியது. நான் சிரித்துவிட்டேன். ஒரு சொட்டு விடாமல், என் மணிக்கட்டில் ஓடியதைக்கூட விடாமல் சாப்பிட்டார்.

மாமா பாட்டிலை அலமாரியில் வைக்க அப்பாவைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றார்.

அன்று அவர் எதைப் பார்த்தார் என்பதை, எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அவரே சொன்னார். “வெரல வெரலோட பூட்டி வெச்சிருந்தாரும்மா உங்கப்பா. உள்ளங்கை பூரா வெள்ளையா வெடிச்சி, நெகமெல்லாம் மஞ்சளா. ஏதோ திருடிட்ட மாதிரி ஒளிச்சி வெச்சிருந்தாரு. அந்தக் கை சம்பாதிச்சித்தான எங்கக்கா சாப்பிடறா? நான் அந்தக் கைக்கு முன்னாடி மூக்கப் பொத்தினு நின்னிருக்கேன்.”

அன்றைக்கு மாமா இதில் எதையும் சொல்லவில்லை. இரவு தங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வருஷமும் தேன் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் துண்டு தோளிலேயே கிடந்தது. மாமாவுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்கடுத்த வருஷமும் சளியாக இருக்கவே, மலைக்காரர்களுக்கு இப்படியும் ஒரு வியாதி போல என்று பாவப்பட்டேன்.

அம்மாவின் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. மரக்கரண்டி ஊறுகாய் ஜாடிக்குப் போய்விட்டது. அப்பா பங்கு என் உள்ளங்கையில் என்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. இப்போது கடையில் தலைகீழாக அமுக்கினால் சொட்டுகிற பாட்டிலில் எல்லாம் தேன் கிடைக்கிறது. எறும்புக்கு அதில் வேலையே இல்லை. மாமா மட்டும் இன்னும் கேனில்தான் கொண்டுவருகிறார். அப்பா வேலையை விட்டு நாளாகிவிட்டது. கையும் ஆறிவிட்டது, ஆனாலும் ஸ்பூனை விடவில்லை. அவர் பங்கைக் கையில் ஏந்திப் போவது இப்போது என் மகன் வேலை. அவன் போகிற வழியிலேயே பாதியைத் தின்றுவிடுகிறான்.

அம்மாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருந்தது என்பதும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. எலுமிச்சம்பழத்துக்கும் புளிக்கும் போகாத தோல் வாசனையைத் தன் வாய்க்கு அருகில் கொண்டுபோக முடியாத மனிதர் அப்பா. அதைத் தம்பியிடம் சொன்னால் புருஷனுக்குக் குறை, சொல்லாவிட்டால் தம்பிக்குக் குறை. நடுவில் நின்றுகொண்டு அவள் தேடியது பாத்திரத்தை இல்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வருகிறது.

அப்பா முதன்முதலில் என் கையிலிருந்து சாப்பிட்ட அன்று நான் இதில் ஒன்றும் அறியாதவள். தேன் தீர்ந்த பிறகும் அப்பா நிமிரவில்லை. என் உள்ளங்கைக்கு மேல் மூக்கை வைத்து ஒருமுறை இழுத்து மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறையும் மோந்தார்.

“இன்னாப்பா?” என்றேன்.

“கையில தேன் வாசன அடிக்குதுடி” என்றார். பெரிய அதிசயத்தைக் கண்டுவிட்டவர் போல அம்மா பக்கம் திரும்பி, “இவ கையில தேன் வாசன அடிக்குது” என்று மறுபடியும் சொன்னார். அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

எனக்குச் சிரிப்பாக வந்தது. தேன் வாங்கிய கையில் தேன் வாசனை அடிக்காமல் வேறு என்ன வாசனை அடிக்கும்?