மூன்று புள்ளியும் ஏழு படகும்

எங்கள் தங்கச்சிமடம் கடற்கரையில் இன்று ஏழு படகுகளுக்கு ஒரே நேரத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள். காரணம் வெப்சைட்டுக்காக நான் எழுதிய பிஎச்பி நிரல்.

திருவிழாவில் அந்தோணியார் சொரூபத்தைக் கடலில் ஏற்றிப்போகும் படகைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார் ஃபாதர். அந்தப் பெயரைக் கோயில் வெப்சைட்டில் போட்டது நான். கட்டத்துக்குள் அடங்காத பெயரை வெட்டி மூன்று புள்ளி வைக்க முன்பே நிரல் எழுதியிருந்தேன்.

"புனித அந்தோணியார்..." என்று வந்தது.

குலுக்கலில் இருந்த ஏழு படகுகளுக்கும் பெயரின் தொடக்கம் அதுதான். துபாயில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம படகுதான்!" என்று வீட்டுக்கு வீடு போன் போட்டுவிட்டார்கள்.

காலையில் செபஸ்தியான் மாமா என் பிரவுசிங் சென்டருக்குள் ஓடிவந்தார். கையெல்லாம் நீலப் பெயிண்ட்.

"ஏலே மாப்ள, சீட்டு எனக்குத்தான விழுந்துச்சு? அந்தச் சூசையும் அவன் படகுக்கு மாலை வாங்கிட்டு வாரான்!"

சீட்டில் இருந்தது வேறு பெயர். அதைத் திரையே சொல்லட்டும் என்று நினைத்தேன். பெயரின் முன்பகுதியை வெட்டிக் கடைசிச் சொல்லை மட்டும் காட்டும்படி அவசரமாக மாற்றினேன்.

"...துணை" என்று வந்தது.

ஏழு படகுக்கும் முடிவு அதுதான். உரிமையாளர் பெயர் நடுவில் இருக்கிறது.

"பாத்தியா, என் படகுதான்!" மாமா கட்டிப்பிடித்ததில் என் சட்டையும் நீலம்.

ஃபாதருக்குப் போன் செய்தேன். சிரித்து முடிக்கவே நேரமானது. "பெயிண்ட் காயட்டும்ப்பா. அப்புறம் முழுப் பேரையும் போடு."

தங்கள் படகுதான் என்ற மகிழ்ச்சியில் ஏழு வீட்டிலும் எனக்கு நண்டுக் குழம்பு விருந்து. முழுப் பெயரைப் போடச் சொல்கிறவர்கள் ஏழாவது விருந்துக்குப் பிறகு கமென்ட் போடவும்.