கால் நனையாத பைடம்மா

பூரி ஜகந்நாதரைப் பார்க்க வருகிற யாரையும் கடல் சும்மா விடுவதில்லை. ரயிலை விட்டு இறங்கி, பெட்டியை ஓட்டலில் போட்ட கையோடு சுவர்க்கத்துவார் கடற்கரை மணலுக்கு ஓடி வருகிறவர்கள்தான் பாதிப் பேர். மாமியார்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலையில் சப்பணம் போட்டு உட்காருவார்கள். புது மாப்பிள்ளைகள் வீரம் காட்டப் போய், மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டு திரும்புவார்கள். ஒட்டகச் சவாரிக்காரன்கூட மத்தியானத்தில் ஒட்டகத்தை நிழலில் கட்டிவிட்டு ஒரு முழுக்குப் போடுவான். இப்படி ஊர் உலகமே குளித்துக் கரையேறும் கடலுக்கு எதிரே உட்கார்ந்து சோழி மாலை விற்ற பைடம்மா மட்டும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரில் கால் வைத்ததில்லை.

பயந்தவள் என்று யாராவது நினைத்தால் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சின்ன வயதில் அலையிலேயே புரண்டு வளர்ந்தவள் அவள். ஆனால் அவள் தாய்வீட்டுப் பெண்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. புருஷன் தண்ணீரில் இருக்கும்வரை பெண்டாட்டியின் கால் கடலில் நனையக் கூடாது. இரண்டு பேரையும் கடலிடம் கொடுத்துவிட்டால், கரையில் நின்று திருப்பிக் கேட்க ஆள் வேண்டாமா? படகுக்காரனின் பெண்டாட்டிக்கு இதனால் பெரிய கஷ்டமில்லை. படகு திரும்பிவிட்டால் அவள் இஷ்டம்போலக் குளிக்கலாம். பைடம்மாவுக்கு வாய்த்தவனோ நூலியா.

குளிக்க வருகிறவர்களைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் போய், ஆசை தீர ஆடவிட்டு, முழுசாகக் கரையில் சேர்ப்பதுதான் நூலியாவின் பிழைப்பு. அவள் புருஷன் கோர்லய்யா, கூம்பு மாதிரியான பிரம்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு விடிந்ததும் இறங்கினால், வெயில் சாயும்வரை இடுப்பளவுத் தண்ணீரில்தான் கிடப்பான். பண்டிகை, விடுமுறை என்றால் கூட்டம் இன்னும் நெரியும். மழைக்காலத்தில் வீட்டோடு இருப்பான், ஆனால் அப்போது கடல் யாரையும் கிட்டச் சேர்க்காது. இருட்டிய பிறகு பெண்கள் கடலில் இறங்குவதில்லை. ஆக, பைடம்மா குளிப்பதற்கென்று ஒரு வேளையை ஜகந்நாதர் படைக்கவே மறந்துவிட்டார்.

அவள் பாட்டுக்கு உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கையைப் பிடித்தால் வழுக்கும், மணிக்கட்டைப் பிடித்தால் வழுக்காது என்பது நூலியாக்களின் முதல் பாடம். கோர்லய்யாவின் பிடியில் கல்கத்தாவிலிருந்து வந்த எத்தனை மணிக்கட்டுகள் இருந்து போயினவோ. பக்கத்தில் சங்கு விற்கும் அப்பலம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"ஏண்டி பைடி, உன் புருஷன் கை படாத பொம்பளை கல்கத்தாவுல மிச்சம் இருக்காளா?"

"இருக்காளே. அடுத்த ரயில்ல வந்துக்கிட்டிருக்கா."

சிரித்துச் சமாளித்துவிடுவாள். அவளுக்குப் பொறாமை அந்தப் பெண்கள்மேல் இல்லை. அந்தக் குளியல்மேல்தான். அலை வந்து மோதும்போது அவர்கள் போடும் கூச்சலைக் கேட்டால் இவள் உள்ளங்கால் தானாகக் குறுகுறுக்கும்.

அவள் கடை விரிக்கும் இடமும் ஒன்றும் பிரமாதமில்லை. பொட்டு நிழல் கிடையாது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் புதுத் தம்பதிகள் தனிமை தேடி வருவார்கள், பேரம் பேசாமல் மாலை வாங்குவார்கள், அங்கே போகலாம் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். கோர்லய்யா அன்றைக்குக் கத்திய கத்து குப்பத்துக்கே கேட்டது.

"அந்த இடத்தை விட்டு ஒரு முழம் நகர்ந்தே, நடக்கிறதே வேற!"

காரணம் சொல்லவில்லை. பிடிவாதம் பிடித்த மனுஷன் என்று திட்டிவிட்டு, அதே வெயிலில் அதே இடத்தில் காய்ந்தாள்.

போன துர்கா பூஜை விடுமுறையில் ஒரு கனத்த ஆசாமி, சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆழத்துக்குப் போய் மாட்டிக்கொண்டார். கோர்லய்யா அவரை ஒற்றைக் கையால் இழுத்து வந்து மணலில் போட்டான். ஆசாமி கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு, எழுந்து தலை சீவிக்கொண்டு கஜா இனிப்பு வாங்கப் போய்விட்டார். கோர்லய்யாவின் வலது தோள்தான் கழன்றுவிட்டது. டாக்டர் அதைப் பழைய இடத்தில் பொருத்தினார், இனிமேல் பாரம் இழுத்தால் கையை மறந்துவிடு என்றும் சொன்னார். பிரம்புத் தொப்பி ஆணியில் ஏறியது.

அவர்கள் குடியிருந்த பெண்டகோட்டா குப்பத்தில் கடல் சத்தம் கேட்காத வீடே இல்லை. ஆனாலும் அவன் வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். சாப்பாடும் அப்படித்தான், தூக்கமும் அப்படித்தான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கு நடுவிலேதான் ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அது உறைத்தது.

"மாமா, நீ இப்போ தண்ணியில இறங்குறதில்ல, இல்லையா?"

"அதை வேற சொல்லிக் காட்டணுமா?"

"சொல்லிக் காட்டல. அப்போ நான் இறங்கலாம்ல?"

அவன் சுவரை விட்டுத் திரும்பினான். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. "கடல்லயா? இந்த வயசுலயா?"

"உன்கிட்ட வந்தவளுங்க எல்லாம் குமரிங்களாக்கும்?"

தொழில் தெரிந்தவன் இல்லையா, அவனுக்கும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "சுவர்க்கத்துவார் வேணாம்டி. சோமுலு பய பாத்தான்னா ஊர் பூரா சொல்லிச் சிரிப்பான். விளக்குப் பக்கம் ஆள் கம்மி, ஆனா அங்க மணல் சரேல்னு இறங்கும். கோல்டன் பீச்சுல குடை இருக்கு, துணி மாத்த அறை இருக்கு, குழாயில நல்ல தண்ணி கொட்டுது. சந்திரபாகா கரை பஸ்ஸுல போற தூரம்தான். சூரியன் எழும்புறதை அங்க பாக்கணும். பாக்கத்தான் லாயக்கு, இறங்கினா சுருட்டிடும்."

"ஊரெல்லாம் எங்க குளிக்குதோ அங்கதான் நானும் குளிப்பேன். என் கண்ணு முன்னால கிடந்த தண்ணி, அதுலதான்."

"சரி. யார் கையைப் பிடிச்சுக்கிட்டு?"

இதை அவள் யோசிக்கவில்லை. மனசுக்குள் பார்த்த காட்சியில் எல்லாம் அவன் கைதான் இருந்தது. அவன் இறங்கினால் இவள் இறங்கக் கூடாதே.

வாசலில் போன சோமுலு, அவனும் நூலியாதான், காதில் விழுந்ததைக் கேட்டுத் தலையை நீட்டினான். "அண்ணி, நான் எதுக்கு இருக்கேன்? ஒரு சட்டி மீன் குழம்பு போதும், ஜம்முனு கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

"டேய், உன் தொப்பியைப் பிய்ச்சு உலையில போட்டுடுவேன். ஓடுறா!" என்று சீறினான் கோர்லய்யா.

பைடம்மாவுக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. "இத்தனை வருஷமா நான் என்னத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு இப்பவாச்சும் தெரியுதா?"

"நானே கூட்டிட்டுப் போறேன். இடது கை நல்லாத்தானே இருக்கு?"

"நீ தண்ணியில இருக்கும்போது நான் எப்படி மாமா?"

"அட, அதெல்லாம் உன் வீட்டுப் பொம்பளைங்க வேலையில்லாம கட்டிவிட்ட கதைடி."

அவள் கையிலிருந்த மீன் சட்டியில் விழுந்தது. "கதையா? நீ தினமும் முழுசா வீடு வந்து சேந்தியே, அது கதையா? அப்போ நான் வெயில்ல காஞ்சது, கால் நனையாம தள்ளித் தள்ளி உக்காந்தது, அதெல்லாம் வீணா?"

அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதன். பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டான். அன்றிலிருந்து சோறு போடுவாள், பேச மாட்டாள். குளிக்காமல் போனதுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. காத்திருந்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லையோ என்ற நினைப்புதான் நெஞ்சை அறுத்தது.

குளிர்காலம் வந்தது, அதோடு வங்காளத்துக் கிருஷ்ணநகரிலிருந்து சுப்ரீதி சான்யாலும் வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். புருஷன் இருந்த காலத்தில் அவரோடு வந்தாள், அவர் போன பிறகு தனியாகவும் வருஷம் தவறாமல் வந்தாள். கோர்லய்யாவைத் தவிர வேறு நூலியாவிடம் கையை நீட்ட மாட்டாள். குப்பத்தில் எல்லோருக்கும் அவள் மாசி, அதாவது சித்தி. கரையில் அவனைத் தேடிக் காணாமல், விசாரித்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏண்டா கோர்லா, நீ இல்லாம நான் எவனை நம்பி இறங்குறது? அந்தச் சோமுலு ஆளைப் பிடிக்கிறதைப் பாத்தா ஈரத் துணியைப் பிடிக்கிற மாதிரி இருக்கு." தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "தோள் அவனுக்கு. உனக்கு என்னம்மா? ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

தெலுங்கும் ஒடியாவும் வங்காளமுமாகக் கலந்தடித்துப் பைடம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கொண்டுவந்த இனிப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மாசி கடைசிவரை கேட்டாள்.

"கரையில கால் நனையாம ஒரு ஆள் நின்னு திருப்பிக் கேக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா மாசி."

"அது பெண்டாட்டியாத்தான் இருக்கணும்னு உங்க அம்மா சொன்னாளா? நான் நிக்கிறேன்."

"நீங்க குளிக்கத்தானே மாசி அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்க?"

"இவன் என்னை எத்தனை தடவை கரையில கொண்டுவந்து விட்டிருக்கான்! ஒரு தடவை நான் இவனைத் திருப்பிக் கேக்கக் கூடாதா?"

பைடம்மா யோசித்துப் பார்த்தாள். தாய்வீட்டுக் கட்டுப்பாட்டில் இதற்குத் தடை எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை. கோர்லய்யா எழுந்து ஆணியிலிருந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினான்.

மறுநாள் காலை சுவர்க்கத்துவாரில் நல்ல கூட்டம். கோர்லய்யா தொப்பியையும் இருவர் செருப்பையும் மாசியிடம் கொடுத்து, அவளைத் தோளைப் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்தினான். "இங்கதான் மாசி. இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது." பைடம்மா தினமும் கடை விரிக்கிற இடம் அது.

"கால் நனையவே கூடாதா?"

"நுரைகூடப் படக் கூடாது," என்றாள் பைடம்மா கறாராக. கடலைக் கண்டாலே இறங்க ஓடுகிற மாசி, வெள்ளைச் சேலையோடு தொப்பியை மார்பில் அணைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். அவள் கண் மட்டும் அலையிலேயே இருந்தது.

தண்ணீரில் கால் வைத்ததும் பைடம்மா கால்விரல்களை ஊன்றிக்கொண்டாள். மணல் உள்ளங்காலுக்கு அடியிலிருந்து நழுவியது. சின்ன வயதில் நழுவிய அதே மணல்தான். கோர்லய்யா பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நான் என்ன கல்கத்தாக்காரியா? ஒழுங்கா கையைப் பிடி."

"வழுக்கும்டி."

"வழுக்கினா வழுக்கட்டும்."

பிடித்தான். அடுத்த அலையிலேயே வழுக்கியது. பைடம்மா தலைகுப்புற உருண்டாள், வாயெல்லாம் மணல், காதெல்லாம் உப்பு. அவன் பதறிப்போய் இடுப்பில் கை போட்டுத் தூக்கி நிறுத்தினான். புது மாப்பிள்ளை மாதிரி இருமினாள், இருமி முடித்துவிட்டுப் போட்டாள் ஒரு கூச்சல், அத்தனை வருஷம் மற்றவர்கள் போட்டுக் கேட்ட அதே கூச்சல். தூரத்தில் யாரையோ பிடித்துக்கொண்டிருந்த சோமுலு பதிலுக்கு விசிலடித்தான்.

இடுப்பளவு ஆழத்துக்குப் போய் நின்றபோதுதான் அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் பார்த்ததே இல்லை. பலூன்காரன் போகிறான், ஒட்டகம் போகிறது, ஆட்கள் வருவதும் போவதுமாக மணல் முழுக்க ஒரே அசைவு. அதற்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளைச் சேலை அசையாமல் நின்றது.

"நானும் இப்படித்தான் தெரிவேனா, மாமா?"

"உன் சேலை என்னிக்குடி இவ்ளோ வெள்ளையா இருந்துது?" என்றான். ஓர் அலையை முதுகில் வாங்கிக்கொண்டு, அவளுக்கு மறைப்பாக நின்றபடி மெதுவாகச் சொன்னான். "தெரிவ. தண்ணி நம்மளை இழுத்துட்டுப் போறது நமக்கே தெரியாது, பைடி. நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரிதான் இருக்கும். நீ எனக்கு நேரா இருந்தியானா சரி. ஒரு பக்கமா ஒதுங்கித் தெரிஞ்சியானா, நான் அடிச்சுட்டுப் போறேன்னு அர்த்தம். உடனே ஆளைக் கரைப் பக்கம் தள்ளிட்டு வந்துடுவேன். ஒவ்வொரு அலைக்கும் உன்னைத்தான் பாப்பேன்."

பைடம்மா அவனையே பார்த்தாள். "ஏன், எனக்குப் பின்னாலதான் அவ்ளோ பெரிய ஓட்டல் நிக்குதே. அதைப் பாக்க வேண்டியதுதானே?"

"ஓட்டலைப் பாத்தா வீட்டுக்கு வரணும்னு தோணுமா?"

அவளுக்கு வந்தது கோபம். "அன்னிக்கு அப்படிக் கேட்டேனே! வீணான்னு கேட்டேனே! அப்ப சொல்றதுக்கென்ன? அதுக்கு முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"அன்னிக்குத் திரும்பவும் தண்ணியில நிப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்லடி, எந்த வாயால சொல்றது? அதுக்கு முன்னால சொல்லியிருந்தா, நீ ஒண்ணுக்குக்கூட எந்திரிச்சுப் போயிருக்க மாட்ட."

அவள் அவனை அடித்தாள், நல்ல தோளாகப் பார்த்து. அடித்துவிட்டு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நடுக்கடலில் என்னடி இது, ஊர் பார்க்குது என்று முணுமுணுத்தானே தவிர, அவனும் அவளை விலக்கவில்லை.

கரையில் மாசி ஒரு கையைத் தூக்கி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நுரை காலருகே வந்தபோதெல்லாம் துள்ளிப் பின்னால் போய், அது வடிந்ததும் தொப்பியை அணைத்துக்கொண்டு சரியாக அதே இடத்துக்கு வந்து நின்றாள்.

பைடம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வா மாமா, போலாம்," என்றாள். "மாசி தேடுறாங்க பாரு. அங்க நின்னுக்கிட்டு இங்க பாக்கிறது ரொம்பக் கஷ்டம்."