வின்ச் அடியும் வயித்துக்குள்ள ஒரு அடைப்பும்

காலையில எட்டு மணியிலேர்ந்து இருட்டு ரூம்ல உக்காந்து, ஊரார் வயித்துல ஜெல் தடவி உருட்டிப் பாக்கறதுதான் என் பொழப்பு. புதுச்சேரியில பதினாறு வருஷமா ஸ்கேன் டாக்டர். நீங்களும் என்னைக்காவது அந்த மேசையில சட்டையத் தூக்கிக்கிட்டுப் படுத்து, "மூச்ச இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, விடாதீங்கன்னு சொல்றேன்ல!"ன்னு திட்டு வாங்கியிருப்பீங்க. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். கலியபெருமாள்னு ஒருத்தர் எனக்குக் கொடுத்த கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்க.

புளிப்பத்து

கலியபெருமாளுக்கு அரியாங்குப்பத்துப் பக்கம். விசைப்படகுல வேலை. வலையைச் சுத்தி இழுக்கற வின்ச்சோட கைப்பிடி நழுவி வயித்துல ஓங்கி அடிச்சு பன்னண்டு நாள் ஆயிருந்துச்சு. சாப்பிட்டா வலி, சாயங்காலமானா காய்ச்சல்னு ஆனப்புறம்தான் ஸ்கேனுக்கு வந்தார். கூடவே சம்சாரம் அஞ்சலை. மீன் விக்கறவங்க, குரலுக்குக் கேக்கணுமா!

சட்டையத் தூக்கினா வயிறே தெரியல. புளியும் உப்பும் காய்ச்சிப் போட்ட பத்து, காஞ்சு பாளம் பாளமா வெடிச்சு தொப்புளைச் சுத்தி ஒட்டிக்கிட்டிருக்கு. அதுக்கு மேல கருவியை வெச்சா எனக்கு என்ன தெரியும்? எங்க நர்ஸ் மேரி வெந்நீர்ல பஞ்சை முக்கி அரை மணி நேரம் சுரண்டினாங்க. "பத்து போடுங்க, வேணாம்னு சொல்லல. அதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்ககிட்ட காட்டக்கூடாதா?"ன்னு கேட்டேன். அஞ்சலை அசரல.

"காட்டினா கழுவச் சொல்லுவீங்க டாக்டரம்மா. அதான் நல்லா ஊறட்டும்னு இத்தினி நாள் வுட்டுட்டு வந்தோம்."

வெறும் வயிறு

"வெறும் வயித்தோடதான வந்தீங்க?"ன்னு கலியபெருமாளைக் கேட்டேன். ஆமான்னார். கருவியை வெச்சேன், திரை பூரா வயித்துக் காத்து, சாப்பிட்டாதான் இப்படி மறைக்கும். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" "ஒண்ணுமில்ல." "வாயில எதுவுமே போடல?" "டீ." "வெறும் டீ?" "டீக்குப் பன்னு." "எத்தனை பன்னு?" "மூணு."

அடிபட்ட எடத்துல நான் பாக்க வேண்டிய ரத்தக்குழாய் அந்தக் காத்துக்குப் பின்னால கெடக்கு. வெளியில கூட்டம் வேற. 'சரியாத் தெரியல, அடுத்த வாரம் பாக்கலாம்'னு எழுதி அனுப்பிடலாம்னு நெஜமாவே நெனச்சேன். ஆனா மேசையிலேர்ந்து எறங்கும்போது அவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்ட விதம் எனக்குச் சரியாப் படல. தண்ணிகூட குடிக்காம மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்கன்னேன். ஆளு மொறச்சார்.

"பன்னுக்குன்னா ஒத்துக்கறேன் டாக்டர். டீக்கெல்லாமா தண்டன குடுப்பாங்க?"

கலர் வரல

ரெண்டு மணிக்கு வந்தாங்க. குடல்லேர்ந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய் ஒண்ணு இருக்கு. மிஷின்ல டாப்ளர் பட்டனை அழுத்தினா, அதுல ரத்தம் ஓடறது கலராத் தெரியணும். எங்க வெச்சுப் பாத்தும் கலர் வரல. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா அடைச்சிருந்துச்சு. வயித்துல பலமா அடிபட்டா சில பேருக்கு இப்படித்தான், வெளிவீக்கம் வத்தினப்புறம் உள்ள வேலையைக் காட்டும். கட்டி இன்னும் பரவினா குடல் அழுகிடும், ஆளையே கொண்டு போயிடும். காலையில அடுத்த வாரம்னு எழுதி அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்!

அப்பவே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அஞ்சலை முந்தானையை எடுத்தாங்க. மூஞ்சைத் தொடச்சுக்கிட்டு அவரைப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"தெனம் கேட்டேன், வலிக்குதாய்யான்னு. இல்ல இல்லன்னே சொன்னாரு. இனிமே இந்தாளக் கேக்கறதில்ல டாக்டரம்மா, உங்க மிஷினையே கேட்டுக்கறேன்."

தடைக்காலக் கணக்கு

அங்க ஊசி போட்டு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அடுத்த ஸ்கேனுக்கு வந்தப்ப வலி போயிடுச்சு, ஆளுக்குத் தெம்பு வந்துடுச்சு. தெம்பு வந்தாலே எங்களுக்குத் தலைவலிதான். மூணு மாசத்துக்குக் கடல் பக்கமே போகக்கூடாதுன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லி அனுப்பியிருந்தாங்க. அந்த மாத்திரை சாப்பிடும்போது இன்னொரு அடி பட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டும், நிக்காது. விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாத மீன்பிடி தடைக்காலம் அப்பதான் ஆரம்பிச்சிருந்ததால முதல் ரெண்டு மாசத்துக்கு வம்பில்ல. மூணாவது மாசத்துக்குத்தான் என்கிட்ட பேரம். பெஞ்சாதி மீன் விக்கறவங்க, இவரு கத்துக்காமலா இருப்பாரு? நானும் மூணுலேர்ந்து எறங்கல.

"கவர்மெண்டே ரெண்டு மாசந்தான் போடுது. நீங்க கவர்மெண்ட விட கறாரா இருக்கீங்களே டாக்டர்!"

தடை விட்ட நாள்

தடை முடிய ரெண்டு நாள் இருக்கும்போது திரும்பப் பாத்தேன். குழாய்ல மெல்லிசா கலர் ஓடுது! எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா ஓரத்துல கட்டி இன்னும் மிச்சம் இருந்துச்சு. "இன்னும் ஒரு மாசம், மாத்திரையை விடக்கூடாது, படகுல ஏறக்கூடாது"ன்னேன். சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு எழுந்து போயிட்டார். தடை விட்ட மொத நாள் ஊரே கடலுக்குக் கெளம்பும், அன்னைக்குக் கரையில நிக்கறது எந்த ஆம்பளைக்கும் லேசு இல்ல. இந்த மனுஷன் போயிடுவார்னுதான் நெனச்சேன். கோவமா வந்துச்சு, அதைவிட பயமா இருந்துச்சு.

தடை விட்ட அன்னைக்குக் காலையில நான் ஸ்கேன் சென்டர் கதவைத் தெறக்க வந்தா, வாசப்படியில கலியபெருமாள். வலி வந்துடுச்சோன்னு பதறிப்போயி, "என்னாச்சு? ஸ்கேன் பாக்கணுமா?"ன்னேன். மனுஷன் செல்போனை அணைச்சு மேரி கையில குடுத்தார்.

"ஸ்கேனெல்லாம் வேணாம் டாக்டர். எங்க போட்டு இன்னும் கெளம்பல. வூட்ல இருந்தா கூப்புட வருவானுங்க, நானும் ஏறிடுவேன். அது போற வரைக்கும் இங்க உக்காந்துக்கறேன்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்துல நான் பண்ணின வைத்தியத்துலயே உருப்படியானது அது ஒண்ணுதான்னு மேரி இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க.