ஆஜராகாத இரண்டு தேதிகள்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். இந்த விஷயத்தில் வாயைத் திறக்காமல் மறைத்ததுதான் வினையாகிப்போனது.

எங்கள் வீட்டில் கணவருக்கு வயல், எனக்கு வண்டி. பாலக்கோட்டிலிருந்து பெங்களூர் பக்கம் சின்ன லோடு வண்டியில் தக்காளி ஏற்றிப்போவது நான்தான். அப்படி ஒரு நாள் எல்லை தாண்டியதும் போன் வந்தது. பேசிக்கொண்டே ஓட்டினேன். போலீஸ்காரர் நிறுத்தி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த ஊர் கோர்ட்டுக்கு வரச்சொல்லித் தேதி எழுதின சீட்டைக் கொடுத்தார். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கோர்ட் தேதியன்று தக்காளி பறிப்பு. மார்க்கெட்டில் நல்ல விலை. "அது கர்நாடகா. இங்க வந்து எவன் கேக்கப் போறான்? வுடு" என்றார் கணவர். எல்லையோரத்தில் எங்கள் எல்லாருக்கும் இந்த நினைப்பு உண்டு, அந்தப் பக்கத்து வம்பு அந்தப் பக்கத்தோடு போய்விடும் என்று. தபாலில் வந்த இரண்டாவது தேதிக்கும் நான் போகவில்லை. லைசென்ஸ் செராக்ஸை வைத்துக்கொண்டு உள்ளூரிலேயே ஓட்டினேன்.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். மாதச் சம்பளம். மகள் பள்ளி விட்டு வரும்போது நானும் வீட்டில் இருக்கலாம். அந்த வேலைக்கு அப்படி ஆசைப்பட்டேன். ஒரிஜினல் லைசென்ஸைக் கொண்டுவரச் சொன்னார்கள். தொலைந்துபோனதென்று தர்மபுரியில் ஆர்.டி.ஓ. ஆபீசில் டூப்ளிகேட்டுக்கு எழுதிப்போட்டேன்.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தொலைஞ்சு போகலீங்களே அக்கா. கர்நாடகாவுல சஸ்பெண்டு பண்ணியிருக்காங்க. கோர்ட்டுக்கும் நீங்க போகல போலிருக்கு."

"அது அங்கத்த சமாச்சாரமுங்க. நான் இங்கதான கேக்கறேன்?"

"எங்க கேட்டாலும் இதுதாங்க வரும். அங்க போயி கேஸை முடிச்சிட்டு வாங்க. அப்புறம் நானே பாத்துத் தர்றேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மானம் போயிற்று. பொய் எழுதின தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் பஸ் ஏறி அந்தக் கோர்ட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர்களில் இரண்டு பேர் சாக்குக்காக மாமியாரைச் சாகடித்தார்கள். ஒருவர் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நானும் ஒரு டைபாய்டு காய்ச்சலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்டபோது, எனக்கே தெரியாமல் உண்மை வந்துவிட்டது.

"தக்காளிக்கு வெல இருந்துச்சுங்க ஐயா. வராட்டி ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிட்டேன்" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அபராதம் கட்டச் சொன்னார். சஸ்பென்ஷனில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி, அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். இரண்டு மாதம் எனக்காக எந்தப் பள்ளிக்கூடம் காத்திருக்கும்? பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் பள்ளியை நடத்துகிற அம்மாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"போன் பேசிக்கிட்டா ஓட்டினீங்க?"

"ஆமாங்க."

"பழைய டிரைவர் ரெண்டு மாசம் இருக்கறேன்னுதான் சொல்றாரு. அதுவரைக்கும் அந்த வேன்லயே ஆயாவா வாங்க. லைசென்ஸ் கைக்கு வந்த அன்னிக்கி பேசலாம்."

டிரைவர் வேலைக்கு வந்தவளைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் வேனில் உட்கார்ந்தேன். ரெண்டே வாரத்தில் எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எது இறங்கினதும் ரோட்டில் ஓடும் என்பதெல்லாம் அத்துப்படி.

இரண்டு மாதம் கழித்து அதே கவுன்டரிலிருந்து லைசென்ஸ் வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்து அம்மா சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

முதல் நாள் நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் யு.கே.ஜி. படிக்கிற பெண் ஏறாமல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆயா, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப ஓட்டலாம்னுட்டாங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஏறி, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.