வடகத்துக்குக் காவல்

கமலம் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது வடகத்தால்தான். சித்திரை பிறந்ததும் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, ஜவ்வரிசிக் கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் காயவைப்பது அவள் வழக்கம். தமிழ்நாட்டில் அந்த மாதத்து வெயில் அதற்கென்றே அடிக்கும். கல்கத்தாவில் அதே மாதத்தில்தான் சாயங்காலங்களில் கால்பைசாகி என்ற சூறைக்காற்றும் மழையும் கிளம்பி வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லேக் கார்டன்ஸில் இருப்பவளுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் இங்குள்ள தமிழ் வீடுகளில் சித்திரை என்றால் கூழ் கிண்டியாக வேண்டும். போன வருடம் காற்று கிளம்பியபோது வேட்டியைச் சுருட்ட ஓடினாள், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தவளைப் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தினார்கள். நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள் நான். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவளும்கூட. அவள் கணவர் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் ஆனந்த் ராஜர்ஹாட்டில் பதினான்காவது மாடியில் ஃபிளாட் வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறான்.

எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். கமலம் குளியலறை வரை நடந்து திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். ஒருநாள் கொஞ்சம் அதட்டினேன்.

"நடந்து எங்க போறது, மகேஸ்வரி? மாடிக்குத்தான் விடமாட்டேங்கிறானே."

சரி, விஷயம் இதுதான் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்த் வந்தபோது பேச்சை எடுத்தேன்.

"மாடிப் பேச்சே வேண்டாம் ஆன்ட்டி. இன்னொரு தடவை விழுந்தா என்ன பண்றது? இந்த வீட்டைப் பூட்டிட்டு அம்மாவை எங்ககூடக் கூட்டிட்டுப் போயிடறேன். லிஃப்ட் இருக்கு, பால்கனி இருக்கு. வடகம் லேக் மார்க்கெட்ல கிடைக்குது."

"அந்தப் பால்கனிக்கு வலை போட்டிருக்கியே, தம்பி?"

"அது புறா வராம இருக்க."

"புறா வெளிய இருந்துக்கும். நான் உள்ள இருக்கணுமாக்கும்," என்றாள் கமலம் கட்டிலிலிருந்து.

அவன் சிரித்துவிட்டான். அதைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு ஒப்பந்தம் பேசினேன். சித்திரைக்குள் அவள் தானாகப் படியேறி, பத்திரமாக இருக்கக் கற்றுக்கொண்டால் இந்த வீட்டிலேயே இருப்பாள். இல்லாவிட்டால் ராஜர்ஹாட். மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம்.

படிப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கமலம் மாற்றி மாற்றி வைப்பாள். நானும் விடாமல் முதல் படிக்கே திருப்பி அனுப்புவேன்.

"நீ ரயில்வேயில இருந்திருந்தா ஒரு வண்டியும் லேட்டா வந்திருக்காது," என்று திட்டுவாள். ஆனால் ஏறினாள்.

சித்திரை வந்ததும் கூழ் கிண்டினோம். படிக்கட்டு முடிகிற சிறு அறையின் வாசலில் அவளுக்கு நாற்காலி, கையில் காக்கை விரட்ட ஒரு மூங்கில் குச்சி. காவல் சுமார்தான். எதிர்ச்சாரியில் கிருஷ்ணசூடா என்று இங்கே சொல்கிற குல்மொஹர் மரம் சிவப்பாகப் பூத்திருந்தது, அதைப் பார்ப்பாள். மேலே வட்டமடிக்கும் பருந்தைப் பார்ப்பாள். அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்தும் ஷபானாவோடு வங்க மொழியில் ஊர்க்கதை பேசுவாள். பாத்திரத்தில் ஒட்டியிருந்த உப்பும் மிளகாயும் சேர்ந்த கூழை விரலால் வழித்து நக்குவாள். அதற்குள் கொண்டைக்குருவி ஒரு வரிசையைக் கொத்திவிட்டுப் போயிருக்கும். அவள் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. பசியும் எடுத்தது.

ஒருநாள் நான் தேநீர் போடக் கீழே வந்திருந்தபோது ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. வானம் கறுத்துவிட்டது. "மாசிமா, மாசிமா," என்று, சித்தி முறை சொல்லிக் கமலத்தை ஷபானா கத்திக் கூப்பிடுவது கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, என் முட்டிகள் அனுமதித்த வேகத்தில் ஏறினேன். கமலத்தைத் தரையில் பார்க்கப்போகிறேன் என்றே நினைத்தேன்.

அவள் நாற்காலியை அறைக்குள் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வேட்டியின் ஒரு முனை கைப்பிடிச் சுவரில் சிக்கிப் படபடத்தது. வடகம் பாலாகக் கரைந்து மழைநீர்க் குழாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடலையா?"

"காத்து திரும்பினப்பவே உள்ள வந்துட்டேன். இப்படி வந்து நில்லு. சாரல் எவ்வளவு ஜில்லுனு அடிக்குது பாரு."

வானம் கறுத்ததைப் பார்த்ததுமே அலுவலகத்திலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த ஆனந்த் சொட்டச் சொட்டப் படியேறி வந்தான். முதலில் அம்மாவின் காலைப் பார்த்தான், பிறகு மாடியை.

"எல்லாம் போச்சேம்மா."

"போகட்டும்."

"போகட்டுமா? போன வருஷம் இதுக்காகத்தானே விழுந்தே?"

"அப்ப வடகம் போயிருந்தா மறுநாள் மாடிக்கு வர எனக்கு என்ன சாக்கு இருந்தது?" என்றாள் கமலம். "சும்மா உட்காரப் போறேன்னா, வீட்டுல வேலையில்லையான்னு உங்கப்பா கேப்பாரு. நீயும் கேப்பே. வடகம் காயுதுன்னா ஒருத்தரும் கேக்கிறதில்ல. பொரிச்சா ஒண்ணுகூட நான் தின்னு பாத்திருக்கியா நீ?"

அவன் யோசித்தான். பார்த்ததில்லை போலிருக்கிறது. தலையைத் துவட்ட நான் கொடுத்த துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நேரத்துக்கு உள்ள வந்துட்டா, ஓடவுமில்ல. தேறிட்டா தம்பி. அன்னிக்கு நாம பேசினபடியே இருக்கட்டும்," என்றேன்.

"குளிர்காலத்துக்காவது அங்க வந்து இரும்மா."

"வலையைக் கழட்டு. வர்றேன்."

மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. கமலம் கைத்தடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினாள், நல்ல கால் முதலில். கூழும் இல்லை, வேட்டியும் இல்லை. ஷபானா கொடியில் துணி போட்டபடியே, இன்று என்ன காயவைக்கிறீர்கள் மாசிமா என்று கேட்டாள்.

"கிச்சு நா," என்றாள் கமலம். ஒன்றுமில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எம்னி," என்றாள். சும்மாதான்.

கீழே பருப்பு வெந்துகொண்டிருந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் இறங்கினேன்.