நீர்வேலியில் நின்றுபோன கிடாரம்

சென்ற மாரி முடிந்த கையோடு இந்தத் தளத்தில் நீர்வேலி பற்றி ஒரு பதிவு எழுதியிருந்தேன். ஒரே நாள் காற்றும் வெள்ளமும் ஒரு ஒழுங்கையின், ஊருக்குள் போகும் ஒரு சிறு பாதையின், வாழைத் தோட்டங்களை அப்படியே படுக்க வைத்ததையும், ஒரு வீட்டின் மேல் மரம் விழுந்து தகப்பனும் மகளும் இறந்ததையும் வாசித்திருப்பீர்கள். அதில் ஒரு படம் இருந்தது. சரிந்த வாழைகளுக்கு முன்னால், புகைக்குள், கண் கலங்கி நிற்கும் ஒரு பெண். "எல்லாவற்றையும் இழந்து நிற்கும் தாய்" என்று கீழே எழுதி, உதவ விரும்புவோருக்கு வங்கிக் கணக்கு இலக்கமும் கொடுத்திருந்தேன்.

இருநூற்றுப் பதினான்கு பேர் பணம் அனுப்பினீர்கள். குறிப்பு எதுவும் இல்லாமல் வந்த ஏழு லட்சத்தை உடனேயே நீர்வேலிக்கு அனுப்பி, கூரைகளுக்குத் தகடு போட்டாயிற்று. மிச்சப் பதினொரு லட்சம் "படத்தில் இருக்கும் அம்மாவுக்கு" என்ற குறிப்போடு வந்தது. அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. படம் எடுக்கும்போது கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பணம் வந்து முடிய மாதக்கணக்கானது. அதன் பிறகு, அந்த ஒழுங்கையின் சனசமூக நிலையச் செயலாளர் சிவநேசன் அண்ணைக்குப் படத்தை அனுப்பி, இவருடைய பெயரும் வங்கி விபரமும் வேண்டும் என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தார்.

"தம்பி, உவ எங்கடை ஊர் ஆளில்லை. யாழ்ப்பாண ரவுணிலை இருந்து எங்களுக்குச் சமைச்சுத் தர வந்த றஹீமா அக்கா. உவவின்ரை வீட்டிலை ஒரு ஓடும் பறக்கேல்லை. நீங்கள் அவவுக்கெண்டு தனியாக் காசு சேர்க்கிறியள் எண்டெல்லே நாங்கள் நினைச்சம்."

தொலைபேசியில் தீர்க்கிற விஷயமாக அது தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன்.

வவுனியாவில் காலை 6.10க்குத் தனியார் பஸ். யாழ்ப்பாணம் வரை ஏறக்குறைய 140 கிலோமீற்றர், கட்டணம் 620 ரூபாய். ஆனையிறவைக் காலை வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்படுபவர்கள் வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். நான் பிடித்தேன், ஆனால் அன்று எதையும் பார்த்த நினைவு இல்லை. றஹீமா அக்காவிடம் முதல் வசனம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனதில் கிளிநொச்சி எப்போது கழிந்தது என்றே தெரியாது. 9.25க்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

சோனகத் தெருப் பக்கம் போக ஓட்டோவுக்கு 300 ரூபாய். பார்சல் சாப்பாடு கொடுக்கிற றஹீமா அக்காவின் வீடு என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"ஆர், அந்த வெளிநாட்டுக் காசு வந்த அக்காவே?"

"காசு ஒண்டும் வரேல்லை அண்ணை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

றஹீமா அக்காவுக்கு ஐம்பதுக்குக் கிட்ட வயதிருக்கும். முன் விறாந்தையில் வரிசையாகத் தாள்களை விரித்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். சோறு போட்ட அவர் கை நிற்கவில்லை. "பதினொண்டரை மட்டும் இருங்கோ தம்பி. கடையளுக்குப் போறது, பிந்தேலாது," என்றார். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் பார்சல்களுக்கு இறப்பர் வளையம் மாட்டினேன். நாற்பத்திரண்டு பார்சல். அவற்றில் ஏழு பார்சலின் வளையத்தை அவர் கழற்றித் திரும்பவும் மாட்டினார்.

பார்சல்கள் போன பிறகு பிளேன்ரீ வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அது புகை, தம்பி. பச்சை விறகு. நான் அழேல்லை. அழவேண்டிய ஆக்கள் உள்ளுக்கை இருந்தவை," என்றார். "இப்ப மீன்காரன் எனக்கு மட்டும் விலை கூட்டிச் சொல்லுறான். புத்தளத்திலை என்ரை ராத்தா இருக்கிறா. அவவின்ரை வீடும் ஒழுகுது. நான் காசை ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு மூண்டு கிழமையாக் கதைக்கேல்லை. கூடப் பிறந்தவவே நம்பேல்லை, மற்ற ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது."

பிறகுதான் கிடாரத்தின் கதை வந்தது. செத்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. சுற்றியுள்ள வீடுகளிலும் அந்த நாட்களில் எரிக்க விறகு இல்லை. செய்தி கேட்டதும் இவர் அரிசியும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு நீர்வேலிக்குப் போய், ஒன்பது நாள் அறுபது பேருக்குச் சமைத்திருக்கிறார். யாரும் சாப்பிடத் தயங்கக்கூடாது என்று, மரக்கறிச் சமையலுக்கென்றே தனியாக வைத்திருந்த, இறைச்சி படாத பெரிய கிடாரத்தைக் கொண்டுபோயிருக்கிறார். கடைசி நாள் வாகனம் கிடைக்காததால் அதைச் சனசமூக நிலையத்தில் விட்டு வந்தார். அடுத்த கிழமை போய் எடுப்பதாக எண்ணம். அதற்குள் என் படம் ஊரெல்லாம் சுற்றத் தொடங்கிவிட்டது.

"இனி அங்கை போய் நிண்டால், காசு கேட்டு வந்திருக்கிறா எண்டுதானே பாப்பினம். அவையும் கொண்டுவந்து தரேல்லை. என்னிலை கோபமாக்கும் எண்டு விட்டிட்டன்."

கிடாரம் இல்லாததால் நாலு மரக்கறிச் சாப்பாட்டு ஓடர்களை விட்டிருக்கிறார். நல்ல பெயரையும் கெடுத்து, வயிற்றிலும் அடித்திருக்கிறேன். படத்தை இப்போதே அழித்துவிடுகிறேன் என்று தொலைபேசியை எடுத்தேன்.

"அழிக்காதேங்கோ," என்றார். "அழிச்சால், வாங்கிறதை வாங்கிக்கொண்டு அழிச்சுப்போட்டினம் எண்டு சொல்லுவினம். அதே படத்தைப் போடுங்கோ. இவ றஹீமா, சமைக்க வந்தவ, ஒரு சதமும் வாங்கேல்லை எண்டு எழுதுங்கோ."

அவருக்கு ஒரு பங்கு கொடுக்கலாம் என்று நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் போனீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"தொண்ணூறிலை யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேத்தினபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. புத்தளத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட்டவை. முதல் நாள் ஒரு பொம்பிளை சோறு கொண்டுவந்து தந்தவ. அவவின்ரை பேர் இண்டைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் பசியிலை கேக்கேல்லை, தம்பி." என் வெறும் கோப்பையை எடுத்தார். "நீங்கள் பசியில்லாமலே கேக்காமல் விட்டிட்டியள்."

அந்த விறாந்தையில் இருந்துதான் திருத்தப் பதிவை எழுதினேன். வாசித்துக் காட்டினேன். "தியாகம்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். "அதை வெட்டுங்கோ, நான் சோறு சமைச்சனான்," என்றார். வெட்டினேன். பிற்பகல் 3.20க்குப் பதிவு போனது. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதமும் அனுப்பி, பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டேன். அன்றிரவு தங்கியது பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு விடுதியில், 3,500 ரூபாய்க்கு. அறை சுத்தம், தேநீர் சுமார்.

காலையில் பார்த்தால் உங்களில் பெரும்பாலானவர்கள் பதில் போட்டிருந்தீர்கள். இருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், அது அவர்கள் உரிமை, அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு வாசகி ஒரே வரியில் எழுதியிருந்தார்: "அந்த அக்கா யாருக்குச் சமைத்தாரோ அவர்களுக்கே கொடுங்கள்."

அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் றஹீமா அக்கா என்னோடு நீர்வேலிக்கு வரச் சம்மதித்தார். கோப்பாய் வழியாகப் பத்துக் கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 1,500 ரூபாய். காலை 9.15க்குச் சனசமூக நிலையத்துக்கு முன்னால் இறங்கியதும், ஓட்டோவுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

சிவநேசன் அண்ணைக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால், உள்ளே தோட்டமும் வீடும் சேதமான பதினொரு குடும்பங்களும் வந்திருந்தன. நடந்த பிழையை எழுந்து நின்று சொன்னேன். இழப்பைக் கணக்கெடுத்து ஊரார் போட்டிருந்த பழைய பட்டியலையே சிவநேசன் அண்ணை வாசித்தார். தகப்பனையும் மகளையும் இழந்த வீட்டுக்கு முதல் பங்கு. மற்றவர்களுக்கு விழுந்த வாழைகளின் எண்ணிக்கைப்படி. குத்தகைக்குத் தோட்டம் செய்தவருக்கே அந்தப் பங்கு, காணிக்காரருக்கு இல்லை. ஏற்கெனவே ஏழு நாள் சுவரில் ஒட்டியிருந்த பட்டியல் என்பதால் ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது. நான் மூன்று மணித்தியாலச் சண்டையை எதிர்பார்த்துத் தண்ணீர்ப் போத்தலோடு போயிருந்தேன்.

அதற்குப் பிறகு தவமணி அக்கா எழுந்தார். கணவனையும் மகளையும் இழந்தவர் அவர்தான். நேரே வெளியே போய் றஹீமா அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். மூலையில் எதையோ ஒரு சாக்கு மூடியிருந்தது. அதை எடுத்தார். கிடாரம் வாங்கிய நாளில்கூட அப்படி மின்னியிருக்காது.

"ஒவ்வொரு கிழமையும் சாம்பல் போட்டு நான்தான் மினுக்கினனான்," என்றார். "நீங்கள் எங்களிலை கோவிச்சிருப்பியள் எண்டு தெரியும். ஆனா, சோறு தந்த ஏனத்தை வெறுமையா எப்பிடி அக்கா திருப்பித் தாறது? போட்டுத்தர எங்களிட்டை ஒண்டும் இருக்கேல்லை. வாழை ஒரு குலையாவது போடட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கதலிப் பழம், சீப்புச் சீப்பாக. காற்றுக்குத் தப்பிய வாழைகளில் முதல் குலையைப் போன கிழமைதான் வெட்டினார்களாம். புதன்கிழமை தாங்களே கொண்டுவர ஓட்டோவும் பேசி வைத்திருந்தார்களாம். ஆறு மாதமாக இவர் அவர்களுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்து ரவுணில் இருக்க, அவர்கள் வெறும் பாத்திரத்தோடு முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு இங்கே இருந்திருக்கிறார்கள். நடுவில் என் படம். நான் ஒரு பழத்தை உரித்துத் தின்றேன்.

றஹீமா அக்கா கிடாரத்தின் விளிம்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சிவநேசன் அண்ணையைப் பார்த்தார். "இதிலை இரண்டு சீப்பு புத்தளத்துக்கு, ராத்தாவுக்கு அனுப்பப் போறன். ஆர் தந்தது எண்டு கேப்பா. ஒரு தாளிலை எல்லாற்றை பேரையும் எழுதித் தாங்கோ."

ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பேனை போனது. தவமணி அக்கா தன் பெயரை எழுதிவிட்டு, கணவனின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினார். தாளை மடித்துப் பழங்களின் மேல் வைத்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை பஸ்ஸில் நீர்வேலிக்கு 70 ரூபாய், அரை மணித்தியாலம். ஓட்டோவில் ஒரு கிடாரம் ஏறினால் அதற்குப் பிறகு ஒருவர்தான் ஏறலாம், ஆகவே திரும்பும்போது நான் பஸ்ஸில்தான் வந்தேன். புத்தளம் பஸ் நடத்துநர் பழப் பொதிக்கு 400 ரூபாய் வாங்கினார். பேரிடருக்குப் பணம் சேர்க்கிறவர்கள் ஒரு முகத்தைக் காட்டிச் சேர்க்காதீர்கள், பணம் அந்த முகத்தின் பின்னாலேயே போகும். யார் யாருக்கு எவ்வளவு என்பதை அந்த இடத்து ஆட்களே தீர்மானிக்கட்டும். எங்களைவிட அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை றஹீமா அக்கா அழைத்தார். பழம் கிடைத்ததாம். ராத்தா அந்தத் தாளைத் தொலைபேசியில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினாராம், இரண்டு தரம். வாசித்து முடிந்ததும், நோன்புக்கு முதல் ஒருக்கால் யாழ்ப்பாணம் வாறன், அந்த ஆட்களைப் பார்க்கவேணும் என்றாராம்.

பழைய பதிவில் அந்தப் படம் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. கீழே இப்போது அவருடைய பெயர் இருக்கிறது.